விளக்கு வைக்கும் நேரத்தில் நிலக்கரி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்த வாசகசாலைக்குள் நுழையும்போது மணி ஆறரை. தெருவில் ஒவ்வொரு வீடாக லைட் எரிய ஆரம்பித்திருந்தது. அனல்மின் நிலையத்தில் வருஷக்கணக்காக ஷிஃப்ட் பார்த்தவன் நான். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் இன்றும் மனசு கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விடும். பகலெல்லாம் கைகொடுத்த சூரிய மின்சாரம் மளமளவென்று இறங்கும் நேரம் அது. அதே நேரத்தில்தான் வீடுகளில் தேவை ஏறும். நடுவில் விழுகிற பள்ளத்தை இன்றைக்கு நிரப்புவதில் பெரும்பங்கு நிலக்கரிக்குத்தான். நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1979-ல் முதல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தலா 210 மெகாவாட்டில் ஐந்து ஆயின. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலேறி பாரதீப் துறைமுகம் வந்து, அங்கே கப்பலேறி, வங்கக்கடலைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடியில் இறங்குகிறது. ஒரு இயந்திரம் முழு லோடில், அதாவது முழுத் திறனில், ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம். அதற்குச் சுமார் 3,500 டன் கரி வேண்டும். ஒரு முழு சரக்கு ரயில் சுமக்கிற பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரியை அப்படியே அள்ளிப் போட்டு எரிப்பதில்லை. முகப்பவுடர் மாதிரி அரைத்து, சூடான காற்றோடு பாய்லருக்குள் ஊதுகிறோம். பாய்லர் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். நீலக்கண்ணாடியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அதன் வழியே பார்த்தால், பல மாடி உயரத்துக்கு நெருப்பு சுழன்றுகொண்டிருக்கும். அதில் 540 டிகிரி வரை சூடேறும் நீராவி, ஜெனரேட்டரோடு இணைந்த டர்பைன் என்கிற விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, நிமிஷத்துக்கு 3,000 சுற்று. வினாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்கிறோமே, அந்த ஐம்பது இதுதான். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் அந்தச் சுழற்சியின் வேகம் லேசாகக் குறையும். ஊரின் மூச்சு மீட்டர் முள்ளில் தெரியும்.

சரி, பாய்லருக்கு எது பிடிக்கும்? ஒரே சீராக எரிவதுதான். ஆறிக் கிடக்கும் இயந்திரத்தைத் திரும்ப எழுப்பப் பல மணி நேரம் பிடிக்கும். கனத்த இரும்பை அவசரமாகச் சூடாக்கினால் விரிசல் விடும். லோடைக் குறைத்துக்கொண்டே போனால் நெருப்பு தடுமாறும். எண்ணெய் ஊற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டும். இப்போது நாம் அதனிடம் கேட்பதோ, மதியம் அடங்கிக் கிட, சாயங்காலம் எழுந்து ஓடு என்று. லோடை 40 சதவீதம் வரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதியே போட்டிருக்கிறது. ராப்பகலாக ஓடுவதற்கென்று கட்டிய இயந்திரத்துக்கு இது பெரிய பாடு. ஷிஃப்டில் நிற்பவர்களுக்கும்தான்.

அப்புறம் சாம்பல். இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. நம் நாட்டுக் கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பலாக மிஞ்சும். நான் சொன்ன அந்த ஒரே இயந்திரத்திலிருந்து தினமும் ஆயிரம் டன்னுக்கு மேல். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் ஒரு பங்கு போகிறது. மற்றது குழம்பாகக் குழாய் வழியே சாம்பல் ஏரிக்குப் போகிறது. எண்ணூர்ப் பக்கம் அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததை அங்கே இறால் பிடிக்கிற மீனவர்களிடம் கேளுங்கள். நம் வீட்டு வெளிச்சத்துக்கு அவர்கள் ஆற்றைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

அனல்மின் நிலையங்களை எப்போது மூடுவார்கள் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: சாயங்கால வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளும்போது. காற்றாலையை மட்டும் நம்ப முடியாது. நமக்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். மிஞ்சிய மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு பேட்டரி ஒரு வழி. இன்னொரு வழி நம்மிடமே 1980-களிலிருந்து இருக்கிறது. ஆனைமலையில் கடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி திட்டம் எடுத்திருக்கிறார்கள். அது ஓடுகிற ஒரு சாயங்காலம், மலையேறிப் போய் அந்த டர்பைன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வர எனக்கு ஆசை.