பட்டியலில் பார்க்க வேண்டிய இடம்

அனைவருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1984-85 சீசனில் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் சாதித்ததைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. 1979-ல் டேவ் கேவிட் முன்னின்று உருவாக்கிய கூட்டணி அது. அந்த சீசனில் அதில் ஒன்பது கல்லூரிகள். ஆளுக்குப் பதினாறு லீக் ஆட்டங்கள்.

லீக் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். செயின்ட் ஜான்ஸ் 15 வெற்றி, 1 தோல்வி. ஜார்ஜ்டவுன் 14, 2. சிறந்த வீரர் விருதை ஒருவருக்குக் கொடுக்க முடியாமல் இரண்டாகப் பிரித்தார்கள்: செயின்ட் ஜான்ஸின் கிறிஸ் மல்லினுக்குப் பாதி, ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங்குக்குப் பாதி. முந்தைய வருடமும் இதே கதைதான்!

இந்த இரு அணிகளின் மோதல் இருக்கிறதே, அதற்குத் தனிக் கூட்டமே போடலாம். ஜனவரியில் ஒரே புள்ளியில் ஜெயித்தது செயின்ட் ஜான்ஸ். அதன் கோச் லூ கார்னசெக்கா ஒரு ஸ்வெட்டரை ராசியானது என்று விடாமல் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணைப் பறிக்கிற டிசைன். பிப்ரவரி 27, மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்ப்சன் கோட்டை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே அதே டிசைனில் டீ-ஷர்ட்! அரங்கமே சிரித்தது. ஆட்டம் 85-69, ஜார்ஜ்டவுனுக்கு. லீக்குக்கு வெளியே ஆடியதையும் சேர்த்து அந்த சீசனில் செயின்ட் ஜான்ஸ் தோற்றது மொத்தம் நான்கே ஆட்டம். அதில் மூன்று ஜார்ஜ்டவுனிடம்.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது அவர்களுக்குக் கீழே இருக்கும் வரியை. வில்லனோவா, 9 வெற்றி, 7 தோல்வி. சிரக்யூஸுடன் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட அணி. விருதுப் பேச்சில் அதை யார் சீண்டினார்கள்? சீசன் முடிவில் நடக்கும் தேசியப் போட்டியில், அதன் பிரிவுக்குள் அதற்குக் கிடைத்தது எட்டாம் தரவரிசை.

கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட்காரர்கள். ஏப்ரல் 1, லெக்சிங்டன் நகரில் இறுதி ஆட்டம், எதிரே ஜார்ஜ்டவுன். வில்லனோவா கூடையை நோக்கி எறிந்தது 28 முறை. 22 உள்ளே விழுந்தன. இரண்டாம் பாதியில் பத்துக்கு ஒன்பது! 66-64, வில்லனோவாவுக்கு. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் எட் பிங்க்னி.

அதிர்ஷ்டம் என்று இன்றும் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லீக்கில் இதே ஜார்ஜ்டவுனிடம் வில்லனோவா இரண்டு முறை தோற்றிருந்தது: கூடுதல் நேரம் வரை போய் இரண்டு புள்ளியில் ஒரு தடவை, ஏழு புள்ளியில் இன்னொரு தடவை. யூயிங் எங்கே நிற்பார், எப்போது கையை நீட்டுவார் என்பதெல்லாம் பங்காளிக்குத் தெரியாதா? இத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று கெடு வைக்கும் ஷாட் கிளாக்கும் தேசியப் போட்டியில் அப்போது கிடையாது. கோச் ரோலி மாசிமினோவின் பையன்கள் அவசரப்படாமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்து, நல்ல வாய்ப்பு வந்தபோது மட்டும் எறிந்தார்கள். அடுத்த சீசனிலேயே 45 விநாடி ஷாட் கிளாக் வந்துவிட்டது.