பரோலோ பாட்டிலை எப்போது திறக்கலாம்? நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்!

[திரையில்: கிளாஸில் வெளிர் சிவப்பு ஒயின், ஓரத்தில் செங்கல் நிறம். கீழே "மது உடல்நலத்திற்குக் கேடு" வாசகம்]

இந்த ஒயினுக்கு என்ன வயது? வீடியோவை நிறுத்திவிட்டு கமெண்ட்டில் போடுங்கள்.

20 வருடம் என்றீர்களா? ஆறுதான். பரோலோ என்ற இத்தாலிய சிவப்பு ஒயினைச் செய்யும் நெபியோலோ திராட்சையின் குசும்பு இது. இளம் வயதிலேயே சாயம் வெளுத்த மாதிரிதான் நிற்கும்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். வடமேற்கு இத்தாலி, பியட்மாண்ட், ஆல்பாவை ஒட்டிய 11 ஊர்கள். அறுவடை செய்த ஆண்டின் நவம்பரில் இருந்து 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தால்தான் பரோலோ என்று விற்க முடியும். ரிசர்வா என்ற, கூடுதல் காலம் வைத்திருக்கும் வகை என்றால் 62 மாதம். சரி, முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது விற்பதற்கான கணக்கு, குடிப்பதற்கானது இல்லை!

[திரையில்: கொட்டைப்பாக்கு, குளோசப்]

இது எதற்கு இங்கே? தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்து கொட்டைப்பாக்கைத் திருடி மென்றிருக்கிறீர்களா? கன்னம் உள்ளே இழுக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பரோலோவை அவசரப்பட்டுத் திறந்தால் அதே கதைதான். இரண்டிலும் இருப்பது டானின். எச்சிலில் இருக்கும் புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வாயில் வழுவழுப்பு போய்விடுகிறது. இந்த உணர்வை விவரிக்க ஒயின் விமர்சகர்கள் பட்டு, வெல்வெட், மணல் என்று ஒரு ஜவுளிக்கடையே விரிப்பார்கள். நமக்கு ஒரே சொல்தான்: துவர்ப்பு.

வருடங்கள் போகப் போக டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் கைகோத்துப் பெரிதாகி, கனம் தாங்காமல் அடியில் படிகின்றன. பழைய பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், வண்டல் தெரியும். ஒரு காலத்தில் உங்கள் வாயை இழுத்திருக்கக்கூடிய துவர்ப்பில் ஒரு பங்கு அங்கேதான் கிடக்கிறது. எனக்கு இதுதான் இந்த வீடியோவிலேயே பிடித்த விஷயம்!

அப்புறம், பரிசோதனை. ஒரு வாய் குடியுங்கள். விழுங்கியதும் ஈறின் மேல் நாக்கை ஓட்டுங்கள். ஈறு காய்ந்து, பழ வாசனையும் காணாமல் போயிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். துவர்ப்பு வந்துவிட்டு மெல்ல விலகி, காய்ந்த ரோஜா இதழும் கொஞ்சம் தாரும் மணந்தால் இதுதான் சமயம். ஆமாம், ரோடு போடும் தார்தான். துவர்ப்பும் இல்லை, மணமும் இல்லை, புளிப்பு மட்டும் மிச்சம் என்றால்... ரயில் போய்விட்டது.

சந்தேகமா? பாதி பாட்டிலை மூடி வைத்து மறுநாள் குடியுங்கள். நேற்றைவிட நன்றாக இருந்தால் அந்த ஒயின் இன்னும் சின்னப் பிள்ளை. ஆறு பாட்டில் வாங்கியவர்களுக்கு இது வேலைக்காகும். ஒன்றே ஒன்று வாங்கியவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பொதுவாக, அந்த 11 ஊர்களில் லா மோரா ஊர் ஒயின் சீக்கிரம் இளகும், செராலுங்கா ஊர் ஒயின் பிடிவாதம் பிடிக்கும். 2003 போன்ற வெயில் வருடங்கள் முந்திக்கொள்ளும். 2010, 2016 இரண்டுக்கும் பொறுமை வேண்டும்.

திறப்பதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். காசு போட்டு வாங்கியது என்று கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன் ஒருமுறை. பல்லிடுக்கில் நறநறவென்று ஃபில்டர் காபியின் அடிமண்டி!

என்னிடம் ஒரு 2016 செராலுங்கா இருக்கிறது. 2032-ல் திறக்கலாம் என்று எண்ணம். அதுவரை சேனல் ஓட வேண்டுமே, சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கள்.