ஆளில்லாமல் அல்ல, மைதானமில்லாமல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெண்கள் கால்பந்து பின்தங்கியதற்குக் காரணம் ரசிகர்களின் ஆர்வக் குறைவா, மறுக்கப்பட்ட வாய்ப்பா என்பது தலைப்பு. எதிரணி நண்பர், "பார்க்க ஆளில்லை, அதனால் வளரவில்லை, யாரையாவது கையைப் பிடித்து இழுத்துவந்து ரசிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கால்பந்தின் தாய்வீடு என்று அவரே பெருமையாகச் சொன்ன இங்கிலாந்துக்கு அவரை அழைத்துப்போகிறேன்.

1920, கிறிஸ்துமஸுக்கு அடுத்த விடுமுறை. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் அணியான டிக் கெர் லேடீஸ், செயின்ட் ஹெலன்ஸ் அணியுடன் மோதுகிறது. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் இன்னும் பல்லாயிரம். யார் இழுத்துவந்தார்கள் அவர்களை? காசு கொடுத்து வந்தார்கள் ஐயா! அந்தக் காசும் முன்னாள் படைவீரர்களின் துயர்துடைப்புக்குப் போனது.

ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடியது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, இதை ஊக்குவிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கிளப்பும் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்றது. கூட்டம் குறைந்த பிறகு வந்த தடையா இது? கூட்டம் நிரம்பி வழிந்தபோது வந்த தடை. நீங்கியது 1971இல். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்!

கால்பந்து ரசனை எப்படி வளர்கிறது? தாத்தா ஆதரித்த கிளப்பை அப்பா ஆதரிக்கிறார், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளையும் ஆதரிக்கிறது. அந்த வாரிசுரிமையைத்தான் அறுத்தார்கள். டிக் கெர் அணியின் லில்லி பார் அந்தக் காலத்தின் மாபெரும் ஆட்டக்காரர். இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் அவரைப் புகழ்பெற்றோர் வரிசையில் சேர்த்தது 2002இல். அவர் இறந்தது 1978இல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கமும் 1955 முதல் 1970 வரை தடுத்தது. பிரேசில் 1941 முதல் 1979 வரை சட்டம் போட்டே தடுத்தது.

இன்றும் சாதாரண லீக் ஆட்டங்களில் பல இருக்கைகள் காலியாக இருக்கின்றனவே என்பார் நண்பர். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பார்சிலோனாவைப் பாருங்கள். அந்தக் கிளப்பின் பெண்கள் அணி வழக்கமாக ஆடியது சுமார் 6,000 பேர் அமரும் மைதானத்தில். 2022 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்துக்குக் கிளப்பின் பெரிய மைதானமான கேம்ப் நோவைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் 91,553 பேர். அடுத்த மாதம் வொல்ஃப்ஸ்பர்க் அணி வந்தபோது 91,648 பேர். இடைப்பட்ட சில வாரங்களில் மக்களின் ரசனையா மாறியது? மாறியது மைதானம்.

அதே ஆண்டு ஜூலையில் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்து ஜெர்மனியை 2-1 என்று வென்றதை நேரில் பார்த்தவர்கள் 87,192 பேர். கால்பந்துச் சங்கம் அரை நூற்றாண்டு பூட்டிவைத்த ஆட்டம், அதே சங்கத்தின் சொந்த மைதானத்தில் நிரம்பியது.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி. ஆர்வம் இல்லாத ஆட்டம் என்றால், அதைத் தடுக்க 1921இல் ஒரு தீர்மானம் எதற்குத் தேவைப்பட்டது? அதற்கு அவர் விடை சொல்லட்டும்; அதன் பிறகு தாங்கள் தீர்ப்பு வழங்குங்கள்.