தண்ணீர் பந்தல்ல சீனி தனியா இருக்கட்டும் – பட்டர்வொர்த் மண்டபத்துல பேசினது

(கோவில் மண்டபத்துல பேசினத எழுத்துல குடுங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. பேசின மாதிரியே தட்டி போடுறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில இருக்கிற ஆலயத் தலைவர் டத்தோ ஐயா அவர்களே, செயலாளர் அண்ணே, பொருளாளர் அண்ணே, சட்டமன்ற உறுப்பினர் சார்பா வேலைய விட்டுட்டு வந்திருக்கிற தம்பி, தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியை அம்மா, மகளிர் பிரிவு தலைவி அக்கா, முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற சிவாச்சாரியார் ஐயா, உங்க எல்லாருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்தினீங்க, மாலை போட்டீங்க, மனசு நிறைஞ்சு போச்சு. பின்னாடி கதவு ஓரம் நிக்கிறாங்களே சமையல்கட்டு அண்ணனுங்க, அவங்களுக்குத்தான் இன்னைக்கு என் முக்கியமான வணக்கம், ஏன்னா நான் பேசப்போறதுல பாதி அவங்க கையில இருக்கு. டத்தோ ஐயா எடை பார்க்கிற மெஷினும் உயரம் அளக்கிற கம்பும் சொந்த காசுல வாங்கி மண்டபத்துக்கு குடுத்திருக்காரு, இங்க வர்றவங்க யாரும் இலவசமா ஏறி நின்னு பார்த்துக்கலாம், அதுக்கு ஒரு பலத்த கைதட்டு குடுங்க.

நான் டாக்டர் இல்ல. உங்க எல்லாருக்கும் தெரியும், கிளினிக்குல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. இத்தன வருஷமா நம்ம ஆளுங்கள எடை மெஷின்ல ஏத்தி இறக்கினவ. இன்னைக்கு மூணு விஷயம் பேசணும். பிஎம்ஐன்னா என்ன, எடைய எப்படி சரியா வச்சுக்கிறது, மூணாவது நம்ம பிள்ளைங்க.

எங்க அம்மா ஒரு பழமொழி சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஓடுற ஆத்துல கொட்டுறதா இருந்தாலும் எவ்வளவு கொட்டுறோம்னு தெரிஞ்சு கொட்டு. இன்னைக்கு இந்த பழமொழிய உங்க காதுல பல தடவ போடுவேன், பொறுத்துக்கணும்.

சரி, பிஎம்ஐ. உங்க உயரத்துக்கு ஏத்த எடைதானான்னு காட்டுற நம்பர் இது. உங்க எடைய கிலோவுல எடுத்துக்கோங்க, உயரத்த மீட்டர்ல எடுத்துக்கோங்க. உயரத்த உயரத்தாலயே பெருக்கி, வர்ற நம்பரால எடைய வகுத்தா அதுதான் பிஎம்ஐ. ஒரு அக்கா 1.60 மீட்டர் உயரம்னா 1.60 பெருக்கல் 1.60, 2.56 வரும். அவங்க எடை 64 கிலோன்னா, 64ஐ 2.56ஆல வகுத்தா சரியா 25. அவ்வளவுதான் கணக்கு, கைபேசியிலேயே போட்டுக்கலாம்.

இந்த கணக்க கண்டுபிடிச்சவரும் டாக்டர் இல்ல, பெல்ஜியம் நாட்டுக்காரர், பேரு கெத்தலே, வானத்த ஆராய்ச்சி பண்ணினவர், கணக்குப் புலி, 1830கள்ல மனுஷங்களோட சராசரி உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் இத போட்டாரு. பிஎம்ஐன்னு பேரு வச்சது அதுக்கு ரொம்ப காலம் கழிச்சு 1972ல, ஆன்சல் கீஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். அதனால இத சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கக் கூடாது, ஜிம்முக்குப் போய் தசை ஏத்தின தம்பிக்கும் பிஎம்ஐ ஏறும், கர்ப்பமா இருக்கிற பிள்ளைக்கு இது பொருந்தாது, சின்ன பிள்ளைங்களுக்கு வயசுக்கு ஏத்த வளர்ச்சி அட்டவணைய வச்சுத்தான் பார்க்கணும். ஆனா நம்ம மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு இது நல்ல முதல் மணி.

இப்ப நான் சொல்றத நல்லா கேளுங்க. உலக சுகாதார நிறுவனம் போட்ட பொதுவான கோடு 18.5ல இருந்து 25க்குள்ள இருந்தா சரி, 25 வந்தா எடை கூடுதல், 30 வந்தா உடல் பருமன். ஆனா அதே நிறுவனத்தோட நிபுணர்கள் 2002ல சிங்கப்பூர்ல கூடி ஆசியக்காரங்கள பத்தி தனியா பேசினாங்க, 2004ல அது லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஆசியக்காரங்க 23லயே உஷாராகணும், 27.5 வந்தா ஆபத்து அதிகம்னு. நம்ம மலேசிய மருத்துவ வழிகாட்டியும் 23ஐயும் 27.5ஐயும்தான் வச்சிருக்கு. நான் சொன்ன அந்த 1.60 மீட்டர் அக்காவுக்கு பொதுவான கோடு 64 கிலோ, நம்ம கோடு 59 கிலோ. நடுவுல இருக்கிற அந்த அஞ்சு கிலோவுலதான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, நான் நார்மல்"னு சொல்லிக்கிட்டு சுத்துறாங்க.

ஏன் நமக்கு மட்டும் கோடு கீழ? லான்செட்லயே 2004ல ஒரு படம் வந்துச்சு, ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, ஒருத்தர் பூனாவுல இருக்கிற யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. ஆனா உடம்புல இருக்கிற கொழுப்ப அளந்தா லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்ம யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. நம்ம உடம்பு வாகு அப்படி, தசை கம்மி, கொழுப்பு போய் வயித்துக்குள்ள உட்கார்ந்துக்கும், அதான் இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, நமக்கு சீக்கிரம் வருது. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம நாட்டு இந்தியர்கள்ல பெரியவங்க நூத்துக்கு 31 பேருக்கு மேல இனிப்பு நீர், மலாய்க்காரங்க, சீனர்கள், நாம, மூணு இனத்துலயும் நம்மதான் மேல. இந்த மண்டபத்துல வரிசை வரிசையா எண்ணிப் பாருங்க, நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால பிஎம்ஐயோட சேர்த்து இடுப்பையும் அளங்க. தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டுட்டு, வயித்த உள்ள இழுக்காம அளக்கணும். ஆம்பளைங்க 90 சென்டிமீட்டருக்குள்ள, பொம்பளைங்க 80க்குள்ள. அண்ணனுங்க சிலுவார், அதான் பேன்ட், சைஸ் 32ன்னு சொல்வீங்க, சிலுவார் தொப்பைக்கு கீழ நிக்குது, அது கணக்குல சேராது. ஆத்துல போட்டாலும் அளந்து போடு, அளக்கிற இடத்துல அள.

இப்ப ஒரு கதை. எங்க தாமான்ல, குடியிருப்புல, ஒரு பெரியவர், துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், பேரு சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்கு காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டு 48 நாள் விரதம். கவிச்சி கிடையாது, முட்டை கிடையாது, தரையில படுக்கை. அவரு சம்சாரம் முத நாளே சொல்லிட்டாங்க, "இந்த 48 நாள்ல உங்க தொப்பை கரைஞ்சிரும், மெஷின்ல ஏறுங்க, எழுதி வைக்கிறேன்"னு. ஏறினாரு, 78 கிலோ. காலண்டர்ல எழுதியாச்சு. விரதம் முடிஞ்சு காவடியும் எடுத்து, மலையேறி இறங்கி, வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு மெஷின்ல ஏறினா 80!

மனுஷனுக்கு ஒப்பவே இல்ல. சாமிக்கு விரதம் இருந்தவன் எப்படி ஏறுவான், மெஷின் கெட்டுப் போச்சு. சம்சாரம் ஏறுறாங்க, எப்பவும் இருக்கிற எடைதான். இல்ல இல்ல, உனக்கு சரியா காட்டும் எனக்கு தப்பா காட்டும்னு சண்டை. மறுநாள் காலையில மெஷின மோட்டார் கூடையில வச்சு கயிறு போட்டு கட்டிக்கிட்டு மளிகைக் கடைக்கே போயிட்டாரு, "தம்பி, ஒரு பத்து கிலோ அரிசி மூட்டைய இதுல வை"ன்னு. வச்சா முள்ளு பத்துல நிக்குது. மூட்டையில அரிசி கம்மியா இருக்கும்னு இன்னொரு மூட்டை, முள்ளு இருபதுல நிக்குது. அதுக்குள்ள கடையில கூட்டம் கூடிப் போச்சு. காய் வாங்க வந்த அக்காவெல்லாம் ஏறி இறங்குறாங்க, பக்கத்து நாசி கண்டார் கடை தம்பியும் வந்து ஏறுறான், எல்லாருக்கும் சரியா காட்டுது. கடைசியில கடைக்காரத் தம்பி அவர ஒரு ஸ்டூல்ல உட்கார வச்சு மெதுவா கேட்டான், "அண்ணே, விரதத்துல பசிச்சா என்ன பண்ணுவீங்க?" "தே, டீதான் குடிப்பேன்." "ஒரு நாளைக்கு எத்தன?" "என்னா, ஒரு அஞ்சு." "சுசு, டின் பால் போட்டதா?" "ஆமா, சுசு போட்டுத்தான், கொஞ்சம் சீனியும்."

கடைக்காரத் தம்பி ரசீது புஸ்தகத்துலயே கணக்கு போட்டான். டின் பால்ல கிட்டத்தட்ட பாதி சீனி, அதோட மேல போடுற சீனி, ஒரு கிளாஸுக்கு குறைச்சலா மூணு தேக்கரண்டி வச்சுக்கோங்க. அஞ்சு கிளாஸுக்கு பதினஞ்சு கரண்டி. ஒரு கரண்டி அஞ்சு கிராம், ஒரு நாளைக்கு 75 கிராம். 48 நாளைக்கு 3,600 கிராம். தம்பி எழுந்து போய் ஷெல்ஃப்ல இருந்து ஒரு கிலோ சீனி பாக்கெட் மூணு எடுத்து, நாலாவது பாக்கெட்ட பாதிக்கு மேல மடிச்சு காட்டி, அவரு மடியில வச்சான். "அண்ணே, விரதத்துல இத குடிச்சிருக்கீங்க." கடையே சத்தமில்லாம நின்னுச்சு.

அந்த மனுஷன் அன்னைக்கு வீட்டுக்குப் போய் சண்டை போடல. சம்சாரத்துக்கிட்ட ஒரு சின்ன போத்தல் குடுத்து, என் சீனிய ஒரு வாரத்துக்கு இதுலயே போட்டு வை, தீர்ந்தா தீர்ந்ததுதான்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் தாமான சுத்தி நடந்தாரு. அடுத்த தைப்பூசத்துக்கு 73 கிலோ. அவரு உயரம் 1.65, அப்ப பிஎம்ஐ 29 சொச்சத்துல இருந்து 27க்கு கீழ வந்துருச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கிறத அவரு அந்த போத்தல்ல செஞ்சு காட்டிட்டாரு.

ரெண்டாவது விஷயம், எடைய சரியா வச்சுக்கிறது. இத சுருக்கமா சொல்லிடுறேன். பட்டினி கிடக்காதீங்க, ஒரு மாசத்துல பத்து கிலோன்னு விளம்பரம் போடுற பவுடர வாங்காதீங்க. 80 கிலோ ஆளு நாலு கிலோ குறைச்சாலே பிரஷரும் ரத்தத்துல சீனியும் இறங்க ஆரம்பிக்கும். அமெரிக்காவுல பெரிய ஆய்வு ஒண்ணு 2002ல வெளிவந்துச்சு, இனிப்பு நீர் வர்ற நிலைமையில இருந்தவங்கள, எடையில 7 விழுக்காடு குறைக்கணும் வாரம் 150 நிமிஷம் நடக்கணும்னு இலக்கு வச்சு பார்த்துக்கிட்டாங்க, அந்த நோய் வர்றது 58 விழுக்காடு குறைஞ்சிருக்கு. தட்டுக்கு நம்ம சுகாதார அமைச்சு சொல்றது சுக்கு சுக்கு செபாரோ, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். நடக்கிறதுக்கு பொட்டானிக்கல் கார்டன் வரைக்கும் போக முடியலன்னா தாமான் திடல் போதும்.

ஆனா தட்ட பத்தி பேசுற எல்லாரும் கிளாஸ மறந்துடுறாங்க. நான் இங்க வந்த காரணமே அதுதான், அதனால மத்தத எல்லாம் தள்ளி வச்சிட்டு இத பேசுறேன்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்குப் போற வழியெல்லாம் நம்ம தண்ணீர் பந்தல். எவ்வளவு பெரிய புண்ணியம், இன மத வித்தியாசம் பார்க்காம வர்றவங்களுக்கெல்லாம் தாகத்துக்கு குடுக்கிறோம், ராத்திரி முழுக்க கண் முழிச்சு பிள்ளைங்க சேவை செய்யுது, எனக்கு கண்ணு கலங்கும் அத பார்த்தா. ஆனா தொம்புல, அந்தப் பெரிய பாத்திரத்துல, என்ன இருக்கு? சிராப் தண்ணி, ரோஸ் பால், சீனி கலந்து வச்ச தே. நம்ம அரசாங்கம் 2019 ஜூலையில சீனி பானத்துக்கு வரி போட்டுச்சு, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா அப்ப லிட்டருக்கு 40 காசு. ஃபேக்டரிக்காரன் வரிக்கு பயந்து சீனிய குறைச்சான். நம்ம தொம்ப யாரு பார்க்கிறா? 20 லிட்டர் தொம்புல ரெண்டு கிலோ சீனிய கொட்டினா 100 மில்லிக்கு 10 கிராம், அந்தக் கோட்டுக்கு ரெண்டு மடங்கு. ஒரு 250 மில்லி கப்புல அஞ்சு கரண்டி. ஒரு பக்தர் நாலு பந்தல்ல நின்னா இருபது கரண்டி. ஒரு நாள் முழுக்க சேர்த்தே 25 கிராமுக்குள்ள, நம்ம கணக்குல அஞ்சு கரண்டிக்குள்ள, இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இனிப்ப தடை பண்ணுங்கன்னு நான் கேக்கல. தே வேணும், அது நம்ம உயிரு. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, சீனி தனியா. தொம்புல தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தே, பக்கத்துல மூடி போட்ட டப்பாவுல சீனி, சின்ன கரண்டி. வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும், அளந்து போட்டுக்கட்டும். இனிப்பு நீர் இருக்கிற அப்பத்தா பந்தல்ல நின்னு "சீனி இல்லாதது இருக்கா தம்பி"ன்னு கெஞ்சக் கூடாது. சிராப்புக்கு பதிலா வெறும் தண்ணியும் நீர் மோரும் முன்னாடி வைங்க, சிராப் பின்னாடி இருக்கட்டும். கல்யாண விருந்துலயும் கூட்டத்துக்கும் இதே மாதிரி. சீனிய கொஞ்சமா குறைக்கிறேன்னு சொன்னீங்கன்னா, சமையல்கட்டு அண்ணே, உங்கள நம்புறேன், ஆனா கொதிக்கிற அவசரத்துல கை தானா அள்ளிப் போட்டுரும், அதனால தனியாவே வச்சிருங்க.

ஒரு கோவில்ல இத கேட்டப்ப ஒரு பெரியவர் சொன்னாரு, "சாமி காரியத்துல கணக்கு பார்க்கக் கூடாது மிஸ்ஸி"ன்னு. ஐயா, அபிஷேகத்துக்கு எத்தன லிட்டர் பாலுன்னு கணக்கு இருக்கு, அன்னதானத்துக்கு எத்தன மூட்டை அரிசின்னு கணக்கு இருக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடு. பக்தரோட உடம்புக்கு மட்டும் ஏன் கணக்கு வேண்டாம்?

மூணாவது விஷயம் பிள்ளைங்க, தலைமையாசிரியை அம்மா மணிய காட்டுறாங்க, அதுக்கு பள்ளிக்கே வந்து தனியா பேசுறேன்னு வாக்கு குடுக்கிறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், வீட்டுல பிள்ளைய குண்டுன்னு கூப்பிடாதீங்க, அந்தப் பிள்ளை ஒளிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சிரும்.

வாசல்ல மகளிர் பிரிவு அக்கா ஒரு புஸ்தகம் வச்சிருக்காங்க. தைப்பூசத்துக்கு பந்தல் போடுற ஒவ்வொரு குழுவும், கோவிலும், கம்பெனியும், சீனி தனியா வைக்க சம்மதம்னா பேர எழுதுங்க, பொறுப்பாளர் நம்பரையும் எழுதுங்க, சீனி டப்பாவும் தமிழ்லயும் மலாய்லயும் எழுதின அட்டையும் நாங்க கொண்டாந்து குடுக்கிறோம். டத்தோ ஐயா முதல் கையெழுத்து போட்டுட்டாரு. எடை மெஷின் இடது பக்க தூண் கிட்ட இருக்கு, செருப்ப கழட்டிட்டு ஏறுங்க, வரிசையில வயசானவங்களுக்கு வழி விடுங்க. இன்னைக்கு தே பின்பக்கம் கோசோங்காத்தான் இருக்கு, சீனி டப்பா பக்கத்துலயே இருக்கு.

நன்றி, வணக்கம்.