சித்திரப் பாடவேளையும் விண்கப்பலும்

(வெள்ளவத்தையில் மாணவர், பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய பேராசிரியர் அம்மா அவர்களே, அதிபர்களே, சித்திர ஆசிரியர்களே, தெகிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மழையைப் பாராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேமில் பறக்கும் விண்கப்பலை எப்படி வரைகிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. உருவம், அளவு, நிறம் என மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஔவை வாக்கென்று நாம் சொல்லி வருவதுதான்: சித்திரமும் கைப்பழக்கம்.

விளையாட்டில் வரும் பொருள்களின் தோற்றத்தை முதலில் கற்பனை செய்து வரைபவரைக் கொன்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். அவர் முதலில் பென்சிலை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். இந்தக் கப்பலுக்கு என்ன தொழில்? சண்டையா, சரக்கா, சுரங்கமா? கேமரா எங்கே நிற்கும்? பின்னால் நிற்குமென்றால், விளையாடுபவர் மணிக்கணக்காகப் பார்க்கப்போவது கப்பலின் முதுகை. அப்போது மூக்கைவிட எஞ்சின் வாய்களுக்குத்தான் கூடுதல் உழைப்பு. பிறகு தீப்பெட்டி அளவில் இருபது, முப்பது கறுப்பு உருவங்கள். உள்ளே ஒரு கோடும் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது ஒன்றோடொன்று குழம்புபவற்றைக் கழித்துவிடுவார். தூரத்தில் போகும் கப்பல் திரையில் முப்பது பிக்சலாகச் சுருங்கும்போது ஆணியும் தகடும் தெரியாது, வெளிக்கோடுதான் மிஞ்சும். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஸ்பேஸ்வோர் என்ற கணினி விளையாட்டைச் செய்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. அதில் இரண்டே கப்பல்கள். ஒன்று ஊசி, மற்றது ஆப்பு.

அடுத்தது அளவு. கதவு 2 மீற்றர், கைப்பிடிக் கம்பி 1 மீற்றர். இந்த இரண்டையும் கப்பலில் ஓரிடத்தில் வைத்துவிட்டால் மிச்சத்தைக் கண் தானாக அளந்துகொள்ளும். புதிதாக வரைபவர்கள் உடம்பு முழுக்க ஒரே அளவில் குழாயும் பெட்டியுமாக அப்பிவிடுகிறார்கள். 200 மீற்றர்க் கப்பல் அப்போது கடையில் தொங்கும் பொம்மையாகிவிடும். பெரிய பரப்புகளைச் சும்மா விட்டு, நுண்ணிய வேலையை மூட்டுகளிலும் திறப்புகளிலும் குவிக்க வேண்டும்.

அந்தக் கறுப்பு உருவங்களில் கடைசியாகத் தேறிய மூன்றையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் பெட்டிகளாக அடுக்கிச் சுற்றிப் பார்ப்பார்கள். பொய் பிடிபடும் இடம் அது. தாளில் கம்பீரமாக நின்ற கால்கள் மடங்கி உள்ளே போக இடமிருக்காது. விமானியை உட்கார வைத்தால் தலை கண்ணாடியில் இடிக்கும். இறக்கை கேமராவை மறைக்கும். இவற்றைத் திருத்திய பிறகே அதன்மேல் வரைந்து, முன், பின், பக்கம், மேல் என ஒரே அளவுத்திட்டத்தில் நான்கு தோற்றங்கள் கொடுப்பார்கள். கால் மடங்குவதைப் படிப்படியாகக் காட்டும் தாள் வேறு. முப்பரிமாண மாதிரி செய்பவருக்கு வேண்டியது அந்தத் தாள்கள்தான். வண்ணப்படத்தைச் சுவரில் மாட்டலாம்.

பெரியோர்களே, கப்பல் என்றதும் வல்வெட்டித்துறையைச் சொல்லாமல் போக முடியுமா? அன்னபூரணி! வேப்பமரத்தில் நம்மவர் கட்டிய பாய்க்கப்பல். அதை ஓர் அமெரிக்கர், றொபின்சன் என்ற கடலோடி, விலைக்கு வாங்கினார். வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார், புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று. பெயர் மாறியது, மரம் மாறவில்லை! வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிப் போனார்கள். செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அதற்கப்பால் அத்திலாந்திக். 1938இல் மசாசுசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் நம் வேப்பமரம் போய் நின்றது. (கரவொலி) யார் கட்டினார்கள், எதனால் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்ற மூன்றுக்கும் அந்தக் கப்பலின் உடம்பே பதில் சொன்னது. விண்கப்பலும் அப்படிச் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்துக்காரர் செய்த ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் அமார் பேரரசின் கப்பல்கள் பொன்னாக மின்னும். அவர்களிடம் அடிமைப்பட்டு மீண்ட மின்மட்டார் என்ற இனத்தாரின் கப்பல்களோ துருவேறி, கிடைத்த இரும்பைக் கோத்துக் கட்டியவை போலிருக்கும். அவர்களின் வரலாற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கண் மென்பொருளோடு வருவதில்லை. சித்திரமும் கைப்பழக்கம். ஆனால் பரீட்சை நெருங்கினால் நம் பாடசாலைகளில் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. கணிதத்துக்குக் கடன் கொடுத்தோம் என்கிறார்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததே இல்லை. அதிபர்களே, கைகூப்பிக் கேட்கிறேன்: வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை விட்டுவையுங்கள். கேள்வி கேட்டு, உருவம் கண்டு, அளந்து, திருத்தி வரையப் பிள்ளை பழகுவது அங்கேதான். பணிப்பாளர் அவர்கள் இதை எழுத்தில் அறிவுறுத்த வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

நிறம் பற்றிப் பேச நேரம் இல்லை என்று தலைவர் மணியடித்துவிட்டார். பெற்றோருக்கு ஒன்று மட்டும். சனிக்கிழமை காலை பிள்ளையைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். துறைமுகத்துக்கு வரும் கொன்டெய்னர் கப்பல்கள் அங்கிருந்து தெரியும். ஒரு ஏ4 கொப்பி, ஒரு தடித்த கறுப்பு மார்க்கர், அழிரப்பர் வேண்டாம். அரை மணித்தியாலத்தில் பத்துக் கப்பல், வெளி உருவம் மட்டும். கொப்பியும் மார்க்கரும் வாசல் மேசையில் இலவசமாக வைத்திருக்கிறோம். போகும்போது பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.