மேடு போகும், கசடு போகுமா?

(தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரண்டு கல்யாணங்களுக்குத் தலையைக் காட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்னாலேயே இருப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் காசிமேடு, திருவொற்றியூர் மீனவப் பெரியவர்களே, மண்டபத்துக்கு வாடகை வாங்காத வணிகர் சங்கத்தாரே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னை அறிஞர் என்றார்கள். அதெல்லாம் இல்லைங்க, கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவன், அவ்வளவுதான்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். நம்ம வடசென்னைக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, கடல் பக்கமிருந்து என்ன வருகிறது, மீட்ட நிலத்தில் என்ன கட்டலாம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது என் பாட்டி ஓயாமல் சொன்ன பழமொழி. நம்ம ஊரில் அதன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

சுமார் 340 ஏக்கர் கிடங்கு. 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, 250 ஏக்கர் வரை மீட்பது மாநகராட்சியின் பயோமைனிங் திட்டம். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடியில் எதையும் விரித்துவிட்டு அங்கே குப்பை கொட்டவில்லை. இத்தனை வருஷ மழையும் குப்பைக்குள் இறங்கி, அம்மோனியாவையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கீழே போயிருக்கிறது. மேட்டை அகற்றினாலும் அது அங்கேதான் கிடக்கும். மிச்சக் குப்பை அழுக அழுக, தீப்பற்றும் மீத்தேன் வாயு வரும். மேலே கட்டடம் கட்டினால் தரை இடுக்கில் புகும். சலித்த மண்ணைக் கொண்டுபோய்த் தாழ்வான இடத்தில் நிரப்புவார்கள். அதில் ஈயம் எவ்வளவு, பிளாஸ்டிக் துகள் எவ்வளவு? அளந்து போடு!

கடல் விஷயத்தை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1875இல் துறைமுக வேலை தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே போன மணல் தடுப்புச்சுவரில் நின்றுபோனது. மெரினா அகலமானது, நம்ம கரை கரைந்தது. இன்று கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். குப்பைமேடு கரையில் இல்லையே என்று கேட்கலாம். அதன் கழிவுநீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. முகத்துவாரமோ அனல்மின் நிலையச் சாம்பலாலும் மணலாலும் தூர்ந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் எந்த வழியாக வந்தது என்று படகில் கறை துடைத்தவர்களைக் கேளுங்கள். நியூசிலாந்தில் 2019 மார்ச் மாதம் ஒரே மழையில் ஃபாக்ஸ் ஆறு பழைய, மூடிய குப்பைக் கிடங்கை உடைத்துக் கடற்கரை முழுக்கப் பரப்பியது. பொறுக்கி எடுக்க ராணுவத்தையே கூப்பிட்டார்கள்.

இப்போது ஒரு கதை. குப்பைமேட்டை ஒட்டிய எழில் நகர் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர், நகையை அடகு வைத்து போர் போட்டார். தண்ணீர் வந்தது. போர்க்காரர் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பால் ஊத்தாத டீ மாதிரி வருது" என்றார். அக்கா சும்மா விடுகிறவர் இல்லை. ஒரு பாட்டிலில் பிடித்து, மஞ்சப்பையில் போட்டு, ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், மாமன்ற உறுப்பினர் அம்மா என்னையே பார்க்கிறார். (சிரிப்பு) மேசைமேல் பாட்டிலை வைத்ததும் அங்கிருந்தவர், "எதுக்கும்மா இதெல்லாம், இப்பதான் குடிச்சோம்" என்றாராம்! (பலத்த சிரிப்பு) விஷயத்தைச் சொன்னதும், இப்படிக் கொண்டுவரக் கூடாது, சுத்தமான கேன் வேண்டும், மனு வேண்டும், வீட்டு வரி ரசீது நகல் வேண்டும் என்றார். ரசீது அக்காவின் மாமியார் பேரில். மாமியாரோ ஊரில். மாமியாரை பஸ் ஏற்றி வரவழைத்து, கையெழுத்து வாங்கி, கேனோடு போனால் அந்த அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதியவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய மாதிரி எங்கே?" பழைய பாட்டிலை யாரோ கழுவி, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள்.

அதனால்தான் ஊர் ஊராக ஒன்றையே கத்துகிறேன்: ஏரியா சபை, அதாவது கிராம சபை மாதிரி நகரத்து வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று முதல்வரே பம்மலில் உட்கார்ந்து ஏரியா சபை நடத்தினார். நம்ம வார்டில் எப்போது நடந்தது, யாருக்குத் தெரியும்? குப்பைமேட்டைச் சுற்றியுள்ள கிணறு, போர், கால்வாய் எல்லாவற்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் ரேஷன் கடைக் கதவில் ஒட்ட வேண்டும். சபையில் வாசிக்க வேண்டும். அதற்குமுன் மீட்ட நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், அளந்ததை நம்மிடம் காட்டு என்றும் அர்த்தம். அகராதியில் இருக்காது, நான் சேர்த்தது.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க இங்கே கொண்டுவரப் பார்த்த எரிஉலையை எதிர்த்து 2025 மே மாத மனிதச் சங்கிலியில் நின்றவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். மூன்றாவது விஷயம், என்ன கட்டலாம் என்பது... தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, அதைக் கேள்வி நேரத்தில் பார்க்கலாம். ஏரியா சபை கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் இருக்கிறது, பெயர், வார்டு எண், கையெழுத்து போதும். அடுத்துப் பேசும் மருத்துவர் அம்மாவுக்கு வழிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.