ஆகாய கங்கை: ஏற்றத்தை மனதில் வைத்து நாளைத் திட்டமிடுவோம்

[காட்சி: கொல்லிமலையின் மேலிருந்து பள்ளத்தாக்கு. மரங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் படிகள்.]

வணக்கம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கிற ஆகாய கங்கை அருவிக்குக் காலையில் கிளம்பிப் போய், குளித்துவிட்டு, அன்றைக்கே பத்திரமாக வீடு திரும்புவது எப்படி என்று பார்க்கலாம்.

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். முடியவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து படிகள் நேராகப் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது எல்லாருக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஒரு படி அரையடி என்று குறைத்து வைத்தாலும் ஆயிரம் படிக்கு 500 அடி ஆகிறது. ஐம்பது மாடிக் கட்டடத்தின் உயரம் அது. குளித்து முடித்து, பசியோடு, அவ்வளவையும் ஏறியாக வேண்டும். கீழே இருந்து மேலே வர வேறு வண்டிப்பாதை கிடையாது.

அதனால் அருவிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பதினொன்றரை. அதற்கு மேல் வெயில் உச்சிக்கு வந்துவிடும். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு பங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.

[காட்சி: வரைபடம். ஈரோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி, செம்மேடு, கோயில்.]

இப்போது அப்படியே பின்னோக்கிப் போவோம். பதினொன்றரைக்கு ஏற வேண்டும் என்றால் ஒன்பது, ஒன்பதரைக்குள் முதல் படியில் கால் வைக்க வேண்டும். ஈரோட்டிலிருந்து கோயில் வரை நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் முந்தின நாளே நாமக்கல்லுக்கோ மலை மேலே இருக்கிற செம்மேட்டுக்கோ வந்து தங்கிவிடுவது நல்லது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் எல்லார் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு அடிவாரத்துக்கு முன்பே இரண்டு இட்லி போதும். மேலே போன பிறகு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு இறக்குங்கள்.

சரி, இறங்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு படியிலும் நம் எடையைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்தசை. அந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. இந்த வேலையில் மூச்சு வாங்காது, அதனால் களைப்பு தெரியாது. ஆனால் தசைக்கு ஏற்படும் சேதம் ஏறுவதைவிட இதில்தான் அதிகம். அருவிக்கரையில் நிற்கும்போது கால் தானாக நடுங்குவது இதனால்தான். அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போவதும் இதனால்தான். ஆகவே, இறங்கும்போதே மெதுவாக இறங்குங்கள். குதித்துக் குதித்து ஓடும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டிலோ அலுவலகத்திலோ படி ஏறி இறங்கிப் பழகினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

[காட்சி: ஈரப்பாறை, பாசி. செருப்புக் காலும் பிடிமானமுள்ள ஷூ காலும் அருகருகே.]

ஹவாய் செருப்பு வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புக்கடலை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மாற்றுத் துணி. நனைந்த துணியோடு ஏறினால் அந்த எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் விடாது. கீழே வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். சாப்பாடு மேலே வந்த பிறகுதான்.

அடுத்தது மழை. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். சுமார் 300 அடியிலிருந்து விழுகிற இந்தத் தண்ணீர் அய்யாற்றுத் தண்ணீர். மலையின் மேல்பரப்பில், வயல்களும் ஊர்களும் இருக்கிற பகுதியில் பெய்கிற மழை ஓடைகளில் சேர்ந்து இங்கே வந்து விழுகிறது. அதாவது, நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழை அருவியில் வந்துவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினால், இலை, சுள்ளி மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், அந்த நொடியே வெளியே வாருங்கள். துணி, செல்போன் எதையும் எடுக்க நிற்காதீர்கள். ஓடையை ஒட்டி ஓடாமல் படிப்பக்கமாக மேலே ஏறுங்கள். கனமழைக் காலத்தில் குளிக்கத் தடை போட்டால் அதற்குக் காரணம் இதுதான். காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் எனக்குப் பிடித்தவை. தண்ணீரும் இருக்கும், வெயிலும் கொல்லாது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அப்போது கூட்டம் நெரியும்.

[காட்சி: படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் குடும்பம்.]

ஏறும்போது ஐம்பது படி, அப்புறம் ஒரு நிமிடம் நிற்பது. பேச முடிகிற வேகமே சரியான வேகம். குழுவில் யார் மெதுவோ அவர் முன்னால் போகட்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் உடனே உட்கார வையுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தான், வா கண்ணு" என்று இழுக்காதீர்கள். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஒருவர் மேலே போய் ஆள் கூட்டி வரட்டும், 108க்குச் சொல்லட்டும். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்களை இந்தப் படிகளில் இறக்கவே வேண்டாம். மாசிலா அருவிக்கு அழைத்துப் போங்கள், அங்கே இவ்வளவு படி இல்லை.

கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று ஆகாய கங்கைப் பக்கம் இருக்கிற சித்தர் குகைகளைச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். அதெல்லாம் வேறொரு நாள், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையோடு.

கடைசியாக, வண்டி ஓட்டுபவர். அவரும்தான் இந்தப் படிகளை ஏறியிருக்கிறார். நடுங்கும் அதே கால்தான் 70 வளைவுகளில் பிரேக்கை மிதிக்கப் போகிறது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது அவரைப் படுக்க விடுங்கள். மூன்று மணிக்குக் கிளம்புங்கள், கீழ் கியரிலேயே இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இருட்டுவதற்கு முன் காரவள்ளியைத் தாண்டிவிடலாம்.